சேலை ஃபால்ஸில் தைத்த கழுத்துப்பட்டை

என் மெஷினில் நான் தைத்ததிலேயே அதிவேகமாகத் தைத்தது நாய்களுக்கான கழுத்துப்பட்டைகளைத்தான். ஒரு மணி நேரத்துக்குள் பதினொன்று. கல்யாணப் பெண்ணின் ரவிக்கையையே "நாளைக்கு வாங்க, நாளன்னைக்கு வாங்க" என்று இழுத்தடிக்கிறவள் நான். அன்றைக்கு என் கைக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை.

திண்டுக்கல்லில் பழனி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. முன்னறைதான் தையல் கடை. வீட்டுக்காரர் எரியோட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் தெருவில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் சொந்தக்காரர்களுக்குத்தான் பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை எலும்பு போடுவோம், மற்ற நாட்களில் மீந்த சோறு போடுவோம். குட்டி போட்டால் பாவம் என்போம். யாரையாவது விரட்டினால் சனியன் என்போம். அதற்கு மேல் எந்த நாயும் எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

அதில் ஒன்று செவலை நிறப் பெட்டை. அதைச் செவலை என்றுதான் நான் கூப்பிடுவேன். மற்ற வீடுகளில் வேறு வேறு பெயர். பகலெல்லாம் என் கடைப்படிக்குக் கீழே மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கும். மெஷின் நின்றால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். அதை வெளியில் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு நாள் காலையில் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பக்கத்துத் தெருவில் மாநகராட்சி நாய் வண்டி நிற்கிறதாம். பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வராதாம், சிறுமலை அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். யாரோ கிளப்பிவிட்ட புரளி. கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள் என்பது அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் முயலவில்லை. கழுத்தில் பட்டை கட்டியிருந்தால் வீட்டு நாய் என்று தொட மாட்டார்கள் என்று எதிர்வீட்டு அண்ணன் சொன்னார். எல்லோரும் என் கடையைப் பார்த்தார்கள்.

என்னிடம் ஃபால்ஸ் துணி ஒரு டப்பா நிறைய இருந்தது. சேலையின் அடி ஓரத்தில் வைத்துத் தைக்கிற துணிதான். நிறம் பொருந்தவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போனவை. வெட்டி, மூன்றாக மடித்து, இரண்டு வரிசை தையல் ஓட்டி, முனையில் நாடா வைத்தேன். தைக்கத் தைக்கத் தெரு ஆட்கள் வாங்கிப் போய் நாய்களின் கழுத்தில் கட்டினார்கள். வண்டி வந்து சேர்ந்தபோது எங்கள் தெரு நாய்கள் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி நிறத்தில் கல்யாணத்துக்குக் கிளம்பினாற்போல் நின்றன.

வண்டியிலிருந்து இறங்கிய கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். நாய்களைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு வீடாக வந்து, இது உங்கள் நாயா என்று கேட்டார். ஆமாம், ஆமாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் முறை வந்தது. வாடாமல்லிப் பட்டையோடு செவலை என் காலடியில் படுத்திருந்தது.

"எங்க வீட்டு நாய்தான்" என்றேன்.

தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றார்.

"வருசா வருசம் போடுறோம்."

சீட்டு இருக்கிறதா என்றார். பீரோவுக்குள் இருக்கிறது, சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அவர் எரியோட்டில் இருக்கிறார் என்று அடுக்கினேன். ஒரு பொய்க்கு மூன்று பொய். டாக்டர் என் முகத்தையே செத்த நேரம் பார்த்துவிட்டு, அது சினையாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். வண்டி காலியாகத் திரும்பியது. அதற்குப் பின்னால் வழி கிடைக்காமல் நின்றிருந்த குப்பை வண்டி அப்புறம்தான் உள்ளே வந்தது. அதை ஓட்டி வருகிற பெண், ஹாரனில் கையை வைத்தபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று தெருவுக்கே என் வீட்டில்தான் டீ.

குப்பை வண்டிப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னிவாடிப் பக்கம் கட்டிக்கொடுத்து, பிழைப்புக்காகத் திண்டுக்கல் வந்து சேர்ந்தவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். வெட்டுத் துணியையும் காய்கறிக் குப்பையையும் நான் ஒரே வாளியில் போடுவேன் என்பதால் எங்களுக்குள் தினமும் ஒரு வாய்த்தகராறு நடக்கும். நாள் தவறாமல் நடந்ததால் அதை நட்பு என்றும் சொல்லலாம்.

கொஞ்ச நாளில் செவலை என் கடைப்படிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் நாலு குட்டி போட்டது. என்னுடைய வெட்டுத் துணிகளை இழுத்துப் போட்டு அதுவே மெத்தை விரித்துக்கொண்டது. குப்பை வாளியும் அந்த மூலையில்தான் இருக்கும். வாளியை இடம் மாற்றி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. குட்டி போட்ட நாய் இருக்கிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் தோன்றவில்லை.

காலையில் அவள் வழக்கம்போல் வந்து வாளிக்குக் கை நீட்டினாள். செவலை குரைக்கவே இல்லை. நேராகக் கெண்டைக்காலில் கவ்விவிட்டது.

நான் ஓடிவந்து விரட்டினேன். அவள் படியில் உட்கார்ந்து, சோப்பு கேட்டு வாங்கி, என் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக் காலைக் கழுவ ஆரம்பித்தாள். இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. ஒருத்தி மஞ்சள்தூளோடு வந்தாள். அதெல்லாம் வைக்கக் கூடாது என்று அவளே தடுத்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தெரு கூடிவிட்டது. அன்றைக்கு எங்க நாய், எங்க நாய் என்று முண்டியடித்தவர்கள் எல்லாம் இப்போது இது தெரு நாய்தானே என்றார்கள். எதிர்வீட்டு அண்ணன் இதை முதலில் சொன்னார். அவள் காலைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"இல்லண்ணே, இது அக்கா வீட்டு நாயி. அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட அக்காவே சொன்னாங்க. வருசா வருசம் ஊசி போடுறாங்களாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "போட்டிருக்கீங்கல்லக்கா?"

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு டீ குடித்துவிட்டு என்னைக் கெட்டிக்காரி என்றவர்கள் அவர்கள். நான் தலையை ஆட்டினேன்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்படியென்றால் பயமில்லை, ஆஸ்பத்திரியில் போய் வரிசையில் நிற்க வேண்டாம், இன்னும் இம்புட்டுத் தெரு பாக்கி கிடக்கிறது என்று காலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

நான் மெஷினில் போய் உட்கார்ந்தேன். ஒரு ரவிக்கையின் இடது கைக்கு வெட்டியதை வலது பக்கம் வைத்துத் தைத்தேன். பிரித்துவிட்டு மறுபடியும் அப்படியே தைத்தேன். செவலை நன்றாகத்தானே இருக்கிறது, குட்டியைக் காப்பாற்றத்தானே கடித்தது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறிநோய் வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற மருந்தே இல்லை என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

காலை ட்ரிப் முடித்துச் சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு நாய் என்றாலே ஆகாது. திட்டுவார் என்று நினைத்தேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நாயா வந்து பதில் சொல்லும்?"

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் போகும் தெருக்களில் எல்லாம் தேடினேன். வண்டி எங்கும் இல்லை. கடைசியில் குப்பை பிரிக்கிற கொட்டகையில் அவளைக் கண்டுபிடித்தேன். கூட வேலை பார்ப்பவர்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, சோற்றுக்கு வெஞ்சனம் பத்தவில்லை, கொண்டுவந்தீர்களா என்று கேலி செய்தாள். கொஞ்சம் தனியாக வா என்றேன். இங்கேயே சொல்லுங்க என்றாள்.

சொன்னேன். அந்த நாய்க்கு நான் ஒரு ஊசியும் போட்டதில்லை, அன்று டாக்டரிடம் சொன்னது பொய், இன்று காலையில் தலையை ஆட்டியதும் பொய் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன்.

அவள் டிபன் பாக்ஸை மெதுவாக மூடினாள்.

"என்னயப் பாத்துத்தானக்கா தலைய ஆட்டுனீங்க?"

அவள் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். சண்டை எனக்குப் பழகியது, பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வேகத்தடைகளில் வழக்கமாகப் பின்னால் இருப்பவர்கள் என் தோளைப் பிடிப்பார்கள். அவள் பிடிக்கவில்லை.

யார் வீட்டு நாய் என்று டாக்டர் கேட்டார். என்னுடையது, ஊசி போடவில்லை என்று நானே சொன்னேன். காயத்தைச் சுற்றியும் போட்டார்கள், கையிலும் போட்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். இன்னும் மூன்று முறை வரவேண்டும், ஒன்றையும் விடக்கூடாது என்றார் டாக்டர். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். சாப்பிடாமல் இருந்தாலோ, குணம் மாறினாலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

அன்று மாலையே சங்கிலி வாங்கி, செவலையைக் குட்டிகளோடு கொல்லைப்புறத்தில் கட்டினேன். பிறந்ததிலிருந்து தெருவில் சுற்றியதற்குச் சங்கிலி பிடிக்குமா? ஊளையிட்டது. தெரு நாய்தானே என்றவர்களே இப்போது சத்தம் தாங்கவில்லை என்று குழுவில் எழுதினார்கள்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். வண்டியை விட்டு இறங்கவில்லை. வாளியை நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டியிருந்தது.

"தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"தண்ணி குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு."

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது ஊசிக்காக ஏற்றிக்கொண்டு போனபோது, நீங்கள் சொல்வதை வைத்து நான் எப்படி நம்புவது என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மூக்குக்கு மேல் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? அடுத்த நாளிலிருந்து கொல்லைச் சுவரிலிருந்த கம்பி ஜன்னல் வழியாக வெளியில் நின்று அவளே பார்ப்பாள், நான் அவள் கண்முன்னால் தட்டில் சோறு வைப்பேன், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவேன்.

ஐந்தாம் நாள் செவலை சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரை முன்னால் தள்ளினேன். அதையும் பார்க்கவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு டாக்டரிடம் ஓடலாம் என்று நான் திரும்பியபோது, வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு வந்து நின்றார். விடியற்காலையில் அது பாவமாகப் பார்த்ததாம், இரண்டு முட்டையும் ஒரு சொம்பு பாலும் கொடுத்துவிட்டாராம். நாய் என்றாலே ஆகாத மனுஷன்.

இனிமேல் நீங்கள் எதையும் கொடுக்காதீர்கள் அண்ணே, எங்களுக்கு உயிர் போய் உயிர் வருகிறது என்று அவள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து சத்தம் போட்டாள். போட்டுவிட்டு, சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அவள் போகவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றாள். வெயில் ஏறிய பிறகு செவலை எழுந்து சளப் சளப்பென்று தண்ணீர் குடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பத்தாம் நாள் காலையில் செவலை கிண்ணத்தைக் கவிழ்த்துப்போட்டு இன்னும் கேட்டது. ஜன்னலில் நின்று பார்த்தவள், "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பயம் விட்டுப்போனதால் அழுதேன், வெட்கத்திலும் அழுதேன்.

அன்றைக்கே செவலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியோடு திரும்பியவர் அதே நாய் வண்டி டாக்டர். என்னையும் பார்த்தார், அழுக்கேறிய வாடாமல்லிப் பட்டையையும் பார்த்தார்.

"பீரோ சாவி கெடச்சிருச்சா மேடம்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஊசியைப் போட்டுவிட்டு, புது அட்டை ஒன்றை எடுத்து நாயின் நிறம் எழுதினார், தேதி எழுதினார், உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். என் பெயரை இனிஷியலோடு சொன்னேன். குட்டிகள் பால்குடி மறந்ததும் ஆபரேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னார். மாநகராட்சியில் பதிவு செய்யவும் வழி சொல்லிக் கொடுத்தார். எங்கள் தெருவுக்கு வண்டி மறுபடியும் வருமா என்று கேட்டேன். இந்த முறை பட்டை கட்டாமல் இருந்தால் வரும் என்றார்.

அன்று மாலை தெருக் குழுவில் நடந்ததையெல்லாம் எழுதினேன். என் பொய்யையும் சேர்த்துத்தான் எழுதினேன். நம் தெருவை நானே காட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு எதிர்வீட்டு அண்ணன் குழுவை விட்டு வெளியேறினார். நான் விடவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த ஃபால்ஸை எடுத்து மறுபடியும் பட்டை தைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் கதவு எண்ணை நூலால் போட்டேன். யார் ஒரு நாய்க்குப் பொறுப்பேற்று ஊசிக்குக் கூட்டிப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் பட்டை. சும்மா சோறு போடுகிறவர்களுக்குக் கிடையாது. முதலில் மூன்று வீடு வந்தது. பிறகு இன்னும் இரண்டு. மீதி நாய்களை வண்டி ஏற்றிக்கொண்டு போனது. ஒரு வாரத்துக்குள் அத்தனையும் ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டோடு எங்கள் தெருவிலேயே வந்து இறங்கின. சிறுமலைக்கு ஒன்றும் போகவில்லை. எதிர்வீட்டு அண்ணன் கேட்டருகில் நின்று எண்ணிப் பார்த்ததை நான் கடையிலிருந்து பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, மாம்பழ மஞ்சள் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்.

கடைசி ஊசி நாளன்று அவளே என் வீட்டுக்கு வந்து, போவோமா என்றாள். போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கரும்புச்சாறு கடையில் நிறுத்தினேன். மன்னித்துவிடு என்று நான் அதுவரை வாயைத் திறந்து கேட்டிருக்கவில்லை. அன்று கேட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுட்டேன்னெல்லாம் சொல்ல மாட்டேன்க்கா. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. ஆனா வந்தீங்க. அதையும் மறக்க மாட்டேன்."

திரும்பும்போது வேகத்தடையில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. எந்த வீட்டில் நாய் இருந்தாலும் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்வதில்லை. அட்டையைக் காட்டு என்பாள். காட்டாத வீட்டின் கேட்டைத் தாண்டமாட்டாள், அவர்களேதான் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வரவேண்டும். இதனால் எனக்கும் திட்டு விழுந்தது. நீதான் கெடுத்துவிட்டாய் என்றார்கள். இருக்கட்டும். ஒவ்வொரு வீடாக அட்டைகள் வெளியே வந்தன.

என் வீட்டில் மட்டும் அட்டை இருந்தும் அவள் உள்ளே வரவில்லை. குட்டிகள் வளர்ந்து, ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்காரர் பஸ்ஸில் வரும் எரியோட்டு விவசாயிகள் இரண்டு பேரிடம், ஊசி போடுவோம் என்று உறுதி வாங்கிக்கொண்டு, இரண்டு குட்டிகளைக் கொடுத்தும் ஆயிற்று. மற்ற இரண்டும் எங்களோடுதான் இருக்கின்றன. அவள் தினமும் கேட்டுக்கு வெளியே நிற்பாள், நான் வாளியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் செவலைக்கு இந்த வருடத்து ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாடாமல்லி ஃபால்ஸில் நாடா தைத்து, கேட்டுக் கம்பியில் தொங்கவிட்டேன். மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. வாளியை எடுக்க நான் மெஷினை விட்டு எழுந்தேன். அவள் இருக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, அட்டையைத் திருப்பிப் புதுத் தேதியைப் படித்தாள். பிறகு உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் இருந்த என் பெயரை, இனிஷியலோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். படிக்குக் கீழே படுத்திருந்த செவலை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

அவள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். குனிந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு, அந்த மூலையிலிருந்து வாளியை அவளே எடுத்தாள்.